சோபகாசு: ஓர் அனிமே தொடக்கப் பாடலின் வரலாறு

சோபகாசு (1996) ஜப்பானிய ராக் இசைக்குழுவான ஜூடி அண்ட் மேரி பாடிய தனிப்பாடல். ‘ருரோனி கென்ஷின்’ என்னும் அனிமே தொலைக்காட்சித் தொடரின் முதல் தொடக்கப் பாடலாக ஒலித்தது. பிப்ரவரி 19, 1996 அன்று குறுந்தட்டாக வெளிவந்து, ஜப்பானின் ஒரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அக்குழுவின் தனிப்பாடல்களில் முதலிடத்தை எட்டியது இது ஒன்றே.

இப்பாடலின் சொற்களுக்கும் அது இடம்பெற்ற கதைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. தொடர் ஒரு வாள்வீரனின் கதை. பாடலோ காதல் முடிந்துபோன ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொள்வது. ஆனாலும் இன்று இவ்விரண்டையும் பிரித்து நினைவுகூர்வது அரிது. ஒரு கதைக்குரிய பாடல் அந்தக் கதைக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பது அனிமே இசை வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகளுள் வியப்பானது சோபகாசு.

பெயர்

‘சோபகாசு’ என்பது முகத்தில், குறிப்பாகக் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் தோன்றும் சிறு பழுப்புப் புள்ளிகளைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். ‘சோபா’ என்பது ஜப்பானியர் நூடுல்ஸ் செய்யப் பயன்படுத்தும் பக்வீட் தானியம். ‘காசு’ என்பது சக்கை. அந்தத் தானியத்தின் உமியைத் தூவியதுபோலத் தோன்றுவதால் இப்புள்ளிகளுக்கு இப்பெயர் வந்தது.

பின்னணி: அனிமே பாடலின் முதல் முப்பது ஆண்டுகள்

ஜப்பானின் முதல் அரைமணிநேர வாராந்தர அனிமே தொடரான ‘டெட்சுவான் ஆட்டம்’ 1963-ல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் பாடலுக்குச் சொற்களை எழுதியவர் ஜப்பானின் முக்கியமான நவீனக் கவிஞர்களுள் ஒருவரான தனிகாவா ஷுண்டாரோ. பாடல் முழுக்க முழுக்க அந்த ரோபோச் சிறுவனைப் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இதுவே பொது வழியாக இருந்தது. நாயகனின் பெயர், அவன் ஆற்றல், அவன் எதிரிகள், அவன் கடமை ஆகியவற்றைப் பாடல் சொல்லிவிடும். 1972-ல் வந்த ‘மசிங்கர் இசட்’ தொடரின் பாடலில் மிசுகி இச்சிரோ அந்த ரோபோவின் பெயரை முழங்கியது இவ்வகையின் உச்சம் எனலாம். பாடலைக் கேட்ட குழந்தை தொடரைப் பார்க்காமலேயே கதையின் சாரத்தை அறிந்துகொள்ள முடியும்.

இப்பாடல்களைப் பாடியவர்களும் தனி வகையினர். மிசுகி இச்சிரோ, ஹோரியே மிட்சுகோ, சசாகி இசாவோ போன்றோர் அனிமே பாடல்களாலேயே அறியப்பட்டனர். பொதுவான பாப் இசை உலகம் இவற்றைக் குழந்தைப் பாடல்களாகவே கருதியது. விற்பனை நன்றாக இருந்தாலும் மதிப்பு குறைவு.

1980-களில் இந்த எல்லை தளர்ந்தது. 1983-ல் ‘கேட்ஸ் ஐ’ தொடருக்காக அன்ரி பாடிய பாடல் ஒரிகான் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதில் தொடரின் பெயர் உண்டு, ஆனால் இசை பெரியவர்கள் கேட்கும் நகர்ப்புறப் பாப் இசை. 1987-ல் ‘சிட்டி ஹன்டர்’ தொடரின் நிறைவுப் பாடலாக வந்த டிஎம் நெட்வொர்க் குழுவின் ‘கெட் வைல்ட்’ இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. அதில் நாயகனின் பெயர் இல்லை. அத்தியாயத்தின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடல் தொடங்கி, காட்சியைத் தன்னோடு இழுத்துச் சென்றது. அதுவரை பரவலாக அறியப்படாதிருந்த குழுவைப் பெரும் கூட்டத்திடம் கொண்டு சேர்த்தது அந்தப் பாடலே.

டை-அப் முறை

1990-களில் ஜப்பானிய இசைத்துறை ‘டை-அப்’ என்று வழங்கும் வணிக முறையால் இயங்கியது. ஒரு புதிய பாடலைத் தொலைக்காட்சி நாடகம், விளம்பரம், அனிமே ஆகிய ஏதாவது ஒன்றோடு இணைத்து வெளியிடுவதே டை-அப். தயாரிப்பாளருக்குப் புகழ்பெற்ற குரல் கிடைக்கும். இசை நிறுவனத்துக்கு வாரந்தோறும் நாடு முழுவதும் ஒலிக்கும் விளம்பரம் கிடைக்கும். 1998-ஆம் ஆண்டு வரை ஜப்பானில் குறுந்தட்டு வணிகம் வளர்ந்துகொண்டே சென்றதற்கு இம்முறையும் ஒரு காரணம்.

அனிமேயில் டை-அப் முறையின் வலிமையைக் காட்டிய தொடர் ‘ஸ்லாம் டங்க்’ (1993–1996). கூடைப்பந்துக் கதையான அதன் நிறைவுப் பாடல்களுள் ஒன்றான வான்ட்ஸ் குழுவின் பாடல் 1994-ல் முதலிடம் பெற்றுப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அப்பாடலில் பந்தும் இல்லை, ஆடுகளமும் இல்லை.

இம்முறையின் மறுபக்கமும் அன்றே பேசப்பட்டது. பாடல் கதையை அறியாமல் வருகிறது. கதை முடியும் முன்பே வேறு பாடல் அதன் இடத்தைப் பிடிக்கிறது. தொடக்கப் பாடல் என்பது கதையின் வாசலா அல்லது விற்பனைக்கு விடப்படும் தொண்ணூறு விநாடி விளம்பர நேரமா என்ற ஐயம் ரசிகர்களிடம் இருந்தது. சோபகாசு இந்தச் சூழலில்தான் உருவானது.

இசைக்குழு

ஜூடி அண்ட் மேரி 1992-ல் உருவானது. ஹெவி மெட்டல் குழு ஒன்றில் பாஸ் கிட்டார் வாசித்துவந்த ஒன்டா யோஷிஹிட்டோ, ஹொக்கைடோ தீவின் ஹகோடாட்டே நகரில் திரைப்படப் படப்பிடிப்பு ஒன்றின்போது அந்நகரைச் சேர்ந்த யூகி என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அச்சந்திப்பிலிருந்தே குழு பிறந்தது. டிரம்ஸ் கலைஞர் இகராஷி கோட்டா, பின்னர் சேர்ந்த கிட்டார் கலைஞர் டகுயா ஆகியோருடன் நால்வர் குழுவாக 1993-ல் எபிக் சோனி நிறுவனத்தின் வழியாக முதல் தனிப்பாடலை வெளியிட்டனர்.

பங்க் இசையின் வேகமும் பாப் இசையின் இனிமையும் சேர்ந்தது அவர்கள் பாணி. யூகியின் குரல் குழந்தையின் குரல்போலத் தொடங்கிச் சட்டென்று கூர்மையாக மாறக்கூடியது. அவரே பெரும்பாலான பாடல்களுக்குச் சொற்களை எழுதினார். தொடக்கத்தில் ஒன்டாவும், 1995-க்குப் பின் மேலும் மேலும் டகுயாவும் இசையமைத்தனர். டகுயா இசையமைத்த ‘ஓவர் டிரைவ்’ 1995-ல் குழுவைப் பரவலாக அறியச் செய்தது. சோபகாசுவோ ஒன்டாவின் இசையமைப்பு. குழுவின் படைப்பு மையம் டகுயாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வேளையில், குழுவின் மிகப்பெரிய வெற்றி அதைத் தொடங்கியவரின் கையிலிருந்து வந்தது.

தொடர்

‘ருரோனி கென்ஷின்’ வட்சுகி நொபுஹிரோ வரைந்து, 1994 முதல் 1999 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெளிவந்த மங்கா. கதை நிகழ்வது மெய்ஜி காலத்தின் பதினோராம் ஆண்டில், அதாவது 1878-ல். ஷோகன் ஆட்சி வீழ்ந்த போர்க்காலத்தில் அஞ்சத்தக்க கொலையாளியாக இருந்த ஹிமுரா கென்ஷின், இனி யாரையும் கொல்வதில்லை என்ற உறுதியுடன் நாடோடியாக அலைகிறான். வெட்டும் கூர் பின்புறத்தில் அமைந்த வாளை ஏந்துகிறான். அவன் இடக்கன்னத்தில் சிலுவை வடிவத் தழும்பு உள்ளது.

அனிமே தொடர் ஜனவரி 10, 1996 முதல் ஃபூஜி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இயக்குநர் ஃபுருஹாஷி கசுஹிரோ. 1998 செப்டம்பர் வரை 94 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. தயாரிப்பில் பங்கெடுத்தது, பின்னாளில் அனிப்ளெக்ஸ் என்று பெயர் பெற்ற சோனி குழுமத்து நிறுவனம். ஆகவே தொடரின் பாடல்களுள் பெரும்பாலானவை சோனி சார்ந்த இசை நிறுவனங்களின் கலைஞர்களிடமிருந்து வந்தன.

உருவாக்கம்

ஜூடி அண்ட் மேரி அடுத்த இசைத்தொகுப்புக்கான பணியில் ஈடுபட்டிருந்தபோது இந்த வாய்ப்பு திடீரென வந்ததாகக் கூறப்படுகிறது. கால அவகாசம் மிகக் குறைவு. அனிமே ஒன்றுக்குப் பாடல் வேண்டும் என்ற அளவில்தான் செய்தி குழுவை எட்டியது. கதை என்ன, நாயகன் யார் என்பது யூகிக்குத் தெரியவில்லை.

அனிமே என்றதும் யூகிக்கு நினைவுக்கு வந்தது தன் சிறுவயதில் ஒளிபரப்பான ‘கேண்டி கேண்டி’. 1976-ல் தொடங்கிய அத்தொடர் ஓர் அநாதைப் பெண்ணின் கதை. ஹோரியே மிட்சுகோ பாடிய அதன் தொடக்கப் பாடல், நாயகியின் முகத்திலுள்ள புள்ளிகளைக் குறிப்பிட்டே தொடங்கும். அந்த நினைவிலிருந்தே ‘சோபகாசு’ என்ற சொல்லும் பாடலின் கருவும் வந்தன. தன் கன்னத்துப் புள்ளிகளைப் பொருட்படுத்தாத கேண்டிக்கு மாறாக, யூகியின் பாடலில் பேசும் பெண் அவற்றை வெறுத்தவள். அவள் காதல் முடிந்துவிட்டது. நினைவுகள் அழகாக இருக்கின்றன, ஆனால் அந்த அழகு அவளுக்குப் போதவில்லை.

ஒரு வாள்வீரனின் தொடருக்கு இருபது ஆண்டு பழைய சிறுமியர் தொடர் ஒன்றின் நினைவிலிருந்து பாடல் எழுதப்பட்ட கதை இது. டை-அப் முறையின் அலட்சியத்துக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வோர் உண்டு. ஆனால் வேறொரு கோணமும் உண்டு. யூகி அனிமே பாடலை ஓர் எளிய வணிக வாய்ப்பாகக் கருதியிருந்தால், கையிலிருந்த ஏதேனும் ஒரு பாடலைக் கொடுத்திருக்கலாம். மாறாக, அனிமே பாடல் என்றால் தனக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு தன் குழந்தைப் பருவத்துக்குச் சென்றார். கதைக்கு அயலானதாக அமைந்த பாடல் அனிமே மரபுக்கு அயலானதாக இல்லை.

இசையும் காட்சியும்

பாடல் நீண்ட முன்னிசை ஏதுமின்றி யூகியின் குரலுடனேயே தொடங்குகிறது. தொடர்ந்து கிட்டாரும் டிரம்ஸும் விரைவாகப் பாய்கின்றன. சொற்கள் துயரத்தைச் சொல்ல, இசை துள்ளி ஓடுகிறது. இந்த முரணே பாடலின் இயல்பு. அழ வேண்டிய இடத்தில் அவள் ஓடுகிறாள் என்று தோன்றும்.

அனிமே தொடக்கக் காட்சியின் நீளம் ஒன்றரை நிமிடம். முழுப்பாடலையும் அந்த அளவுக்கு வெட்டிச் சுருக்குவார்கள். ஜப்பானில் இதை ‘டிவி சைஸ்’ என்பர். குரலுடனேயே தொடங்கும் பாடல் இந்த வடிவத்துக்கு மிகப் பொருத்தமானது. தொலைக்காட்சியைப் பார்க்காமல் அடுத்த அறையில் இருப்பவரும் முதல் நொடியிலேயே தொடர் தொடங்கிவிட்டதை அறிவார்.

வெளியீடும் வரவேற்பும்

தொடர் தொடங்கி நாற்பது நாட்களுக்குப் பின்னரே குறுந்தட்டு கடைக்கு வந்தது. அதற்குள் ஒன்றரை நிமிடப் பாடல் வாரந்தோறும் வீடுகளில் ஒலித்திருந்தது. முழுப்பாடலைக் கேட்க விரும்பியவர்கள் வாங்கத்தான் வேண்டும். அக்காலத் தனிப்பாடல்கள் எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய குறுந்தட்டுகளாக, நீளமான அட்டை உறையில் விற்கப்பட்டன. பள்ளி மாணவர்கள் வாங்கக்கூடிய விலை. மாலைநேர அனிமே பார்ப்பவர்களும் அவர்களே.

முதலிடம் பெற்ற இப்பாடல் குழுவின் பாதையையே மாற்றியது. இது இடம்பெற்ற ‘தி பவர் சோர்ஸ்’ இசைத்தொகுப்பு 1997 மார்ச்சில் வெளிவந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. ராக் அரங்குகளில் இளைஞர்கள் அறிந்திருந்த குழு, பள்ளிச் சிறுவர்கள் முதல் பெற்றோர் வரை அறிந்த குழுவானது.

தொடரின் முதல் 38 அத்தியாயங்களுக்கு சோபகாசு தொடக்கப் பாடலாக நீடித்தது. அதன்பின் கவமோட்டோ மகோட்டோ பாடிய ‘இரண்டில் ஒரு பங்கு’ என்னும் பாடலும், இறுதியில் கியூரியோ குழுவின் பாடலும் அந்த இடத்துக்கு வந்தன.

தொடரின் பிற பாடல்கள்

சோபகாசுவின் வெற்றிக்குப் பின் ‘ருரோனி கென்ஷின்’ தொடரின் பாடல் இடங்கள் ராக் இசையின் அணிவகுப்பாக மாறின. தி யெல்லோ மங்கி, டி.எம். ரெவல்யூஷன், லார்க் ஆன் சியெல், சியாம் ஷேட் ஆகியோர் நிறைவுப் பாடல்களை அளித்தனர். சியாம் ஷேட் குழுவின் மிகப்பெரிய வெற்றிப் பாடல் இத்தொடருக்காக 1997-ல் வந்ததே.

டை-அப் முறையின் ஆபத்தையும் இதே தொடர் காட்டியது. லார்க் ஆன் சியெல் குழுவின் ‘தி ஃபோர்த் அவென்யூ கஃபே’ 1997 தொடக்கத்தில் நிறைவுப் பாடலாக வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் போதைப்பொருள் வழக்கில் கைதானார். சில வாரங்களே ஒலித்த பாடல் தொடரிலிருந்து நீக்கப்பட்டது. முன்பு ஒலித்த டி.எம். ரெவல்யூஷனின் பாடல் மீண்டும் அவ்விடத்துக்கு வந்தது. தனிப்பாடல் வெளியீடு நிறுத்தப்பட்டு, 2006-ல்தான் நிறைவேறியது. கதையோடு தொடர்பில்லாத பாடலைக் கதையின் எல்லைக்குள் கொண்டுவரும்போது, பாடகரின் வாழ்வும் அதனுடன் வருகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அதே குழு அவ்வாண்டின் இறுதியில் ‘நிஜி’ (வானவில்) என்ற பாடலுடன் திரும்பியது. 1997 டிசம்பரில் வெளிவந்த ‘ருரோனி கென்ஷின்’ அனிமே திரைப்படத்தின் பாடல் அதுவே.

பிற்காலம்

ஜூடி அண்ட் மேரி 2001-ல் கலைந்தது. மார்ச் மாதம் டோக்கியோ டோமில் இறுதி நிகழ்ச்சிகள் நடந்தன. யூகி தனிப்பாடகராகத் தொடர்ந்தார். 2005-ல் ‘ஹனி அண்ட் குளோவர்’ தொடரின் தொடக்கப் பாடலைப் பாடி மீண்டும் அனிமேக்கு வந்தார்.

புத்தாயிரத்தில் ராக் குழுக்களும் அனிமேயும் இணைவது இயல்பான செய்தியாகிவிட்டது. ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் குழு 2002-லேயே வெளியிட்டிருந்த ‘ஹருகா கனட்டா’ மறு ஆண்டு ‘நருட்டோ’ தொடரின் தொடக்கப் பாடலானது. அதுவும் கதைக்காக எழுதப்படாத பாடலே. பிறகு சக்கரம் மெல்லத் திரும்பியது. 2013-ல் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடருக்கு லிங்க்ட் ஹொரைசன் அளித்த பாடல் கதையின் உலகத்தைச் சொல்லுக்குச் சொல் பாடியது. 2016-ல் ‘யுவர் நேம்’ திரைப்படத்துக்காக ராட்விம்ப்ஸ் என்ற ராக் குழு பாடல்களோடு பின்னணி இசையையும் அமைத்தது. இயக்குநர் ஷின்காய் மகோட்டோ பாடல்களுக்கேற்பக் காட்சிகளை மாற்றினார். 2023-ல் யோஅசோபி இருவர் குழுவின் ‘ஐடல்’, தொடரின் மூலக்கதை ஆசிரியர் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டே உருவானது. 1963-ல் கதையைப் பாடிய பாடல், அறுபது ஆண்டுகளுக்குப் பின் நுட்பமான வடிவில் மீண்டும் கதையிடமே வந்து சேர்ந்தது.

மதிப்பீடு

இன்றைய முறையில் பார்த்தால் சோபகாசு ஒரு பிழை. பாடலாசிரியர் கதையைப் படிக்கவில்லை. ஆனால் பிழையாகத் தொடங்கியது எப்படிப் பொருந்திப்போனது என்பதே இப்பாடலின் வரலாற்றுச் செய்தி.

ஒரு காரணம் பழக்கம். வாரந்தோறும் ஒரே காட்சியும் ஒரே இசையும் சேர்ந்து வரும்போது பார்ப்பவர் மனமே அவற்றை இணைத்துவிடுகிறது. ஆனால் பழக்கம் மட்டுமே காரணமென்றால் எல்லா டை-அப் பாடல்களும் இவ்வாறு நிலைத்திருக்க வேண்டும். அப்படி நிகழவில்லை, பெரும்பாலானவை மறக்கப்பட்டன.

இரண்டாவது காரணம் பாடலின் உள்ளே உள்ளது. சோபகாசுவின் பெண் தன் கன்னத்தில் உள்ள ஒன்றை வெறுத்தவள், கடந்த காலத்தை மறக்க முடியாதவள், துயரை வெளிக்காட்டாமல் துள்ளுபவள். கென்ஷினும் கன்னத்தில் தழும்பைச் சுமப்பவன். இறந்த காலம் விடாதவன். அசட்டுச் சிரிப்பின் பின்னால் அதை மறைப்பவன். யூகி இதை அறிந்து எழுதவில்லை. தொடரின் முதல் அத்தியாயங்களைப் பார்த்தவர்களுக்கும் இது புலப்பட்டிருக்காது. அந்தத் தழும்பின் கதையை மங்கா அதன் இறுதிப் பகுதியில்தான் விரிவாகச் சொன்னது. அதை அறிந்த பிறகு தொடக்கப் பாடலைத் திரும்பக் கேட்பவருக்குப் பொருத்தம் தெரிகிறது. எழுதியவர் வைக்காத பொருளைக் கதை பின்னால் வந்து பாடலுக்குள் வைத்தது.

கதைக்கென எழுதிய பாடல் கதையைச் சொல்கிறது. கதையை அறியாத பாடல், தன்னளவில் உண்மையாக இருந்தால், கேட்பவர் கதையை அதற்குள் கொண்டுசெல்ல இடம் விடுகிறது. அவ்வகையில் வணிக ஏற்பாடு ஒன்றின் அவசரத்தில் பிறந்து, அந்த ஏற்பாட்டைத் தாண்டி நிலைத்த பாடலாக சோபகாசு மதிப்பிடப்படுகிறது.